ஷஃபாஅத்

ஷஃபாஅத்தைத் தமிழில் பரிந்துரை என்கிறோம், பரிவோடு உரைப்பது. அரபுச் சொல்லின் வேர் வேறு. 'ஷஃப்உ' என்றால் இரட்டை, ஒற்றைக்கு 'வித்ர்'. இரவில் வித்ரு தொழுகிறவர்களுக்கு இந்தச் சொல் பழகியதுதான். குர்ஆனின் 89ஆம் அத்தியாயமான அல்ஃபஜ்ர் இரண்டின் மீதும் ஆணையிடுகிறது. பாவச் சுமையோடு தனியே நிற்பவன் பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்று, அவனுக்காகப் பேசி, ஒற்றையை இரட்டையாக்குவதே ஷஃபாஅத். மறுமையில் நபிகள் நாயகத்தின் பரிந்துரையை முஸ்லிம்கள் ஏக்கத்தோடு எதிர்பார்க்கிறார்கள். ஆனால் இறைவன் அனுமதித்தால்தான் அது நடக்கும் என்கிறது ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம் (2:255). மன்னிப்பு அவனுடையது. அதைக் கேட்கும் 'இஸ்திக்ஃபார்' என்ற சொல்லின் வேருக்கு மூடுதல் என்று பொருள். போர்க்களத்தில் தலையைக் காக்கும் கவசமான 'மிக்ஃபர்' அதே வேரில் பிறந்தது. பாவத்தை மறைப்பதும் அதன் தண்டனையிலிருந்து காப்பதும் ஒரே சொல்லுக்குள் இருப்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது.