ஆறு பென்னி டிரான்சிஸ்டர்

கம்ப்யூட்டருக்கு லாயக்கில்லை என்று கழித்துக்கட்டிய சாமானை வைத்து ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். அதை வைத்து ஒரு கம்பெனியே நடத்த முடியும் என்று காட்டிய ஆசாமிக்கு அப்போது வயது இருபத்திரண்டு. க்ளைவ் சின்க்ளேர். பிற்பாடு இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்து, 'சர்' பட்டமெல்லாம் வாங்கியவர். 1962-ல் அவரிடம் பட்டமும் கிடையாது, பணமும் கிடையாது. பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவர், காலேஜ் பக்கமே போகவில்லை. 'பிராக்டிகல் வயர்லெஸ்' பத்திரிகையில் வேலை. அப்புறம், வீட்டிலேயே ரேடியோ செய்வது எப்படி ரகப் புத்தகங்கள். 1961-ல் 'சின்க்ளேர் ரேடியானிக்ஸ்' என்று ஒரு கம்பெனியைப் பதிவு செய்துவிட்டார். கம்பெனி இருந்தது, முதல்தான் இல்லை. ஆகவே இன்னொரு தொழில்நுட்பப் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார்.

அந்த வேலைதான் அதிர்ஷ்டம். சந்தையில் இருக்கிற செமிகண்டக்டர் சாமான்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதச் சொன்னார்கள். முப்பத்தாறு கம்பெனிகள். ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்கள். யார் எதைச் செய்கிறார்கள், எதை விற்க முடியாமல் குவித்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பையனுக்கு அத்துப்படியாகிவிட்டது.

அப்படிக் கண்ணில் பட்டதுதான் மைக்ரோ அலாய் டிரான்சிஸ்டர். சுருக்கமாக, மாட். அமெரிக்காவின் ஃபில்கோ கம்பெனி உருவாக்கிய சமாசாரம். பிரிட்டனில் பிளெஸ்ஸி குழுமத்தின் செமிகண்டக்டர்ஸ் லிமிடெட், ஸ்விண்டன் நகரத்தில் இதைச் செய்துகொண்டிருந்தது. ஒரு துளி ஜெர்மானியம். இரண்டு பக்கமும் ரசாயனத் திரவத்தை ஊசி போலப் பீய்ச்சி, நடுப்பகுதியை மெலிசாக அரித்துவிடுவார்கள். நடுப்பகுதி எவ்வளவு மெலிசோ, டிரான்சிஸ்டர் அவ்வளவு வேகம். வேகம் யாருக்கு வேண்டும்? கம்ப்யூட்டருக்கு.

கம்ப்யூட்டர் விஷயத்தில் ஒரு தொல்லை உண்டு. அதற்குள் இருப்பது ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்கள். எல்லாம் ஒரே கணத்தில் 'ஆன்', ஒரே கணத்தில் 'ஆஃப்' ஆகவேண்டும். ஒன்று கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணினாலும் போச்சு. இரண்டும் இரண்டும் ஐந்து என்று சொல்லும். எனவே பரீட்சை கடுமை. ஃபெயிலாகிறவையும் ஏராளம்.

ஆனால், ஃபெயில் என்றால் உயிர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பாட்டுக்கு வேறு கணக்கு. மனிதக் காது கேட்பதே வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வுகள் வரைதான். கம்ப்யூட்டர் வேகத்தோடு ஒப்பிட்டால் மாட்டு வண்டி. ஆம்ப்ளிஃபயரில் மூன்று டிரான்சிஸ்டர் இருந்து, அதில் ஒன்று சற்றே கம்மியாகப் பெருக்கினால், ஒரு ரெசிஸ்டரை மாற்றிப்போட்டுச் சரிக்கட்டிவிடலாம். பாட்டு கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

சின்க்ளேர் போய்ப் பேரம் பேசினார். பத்தாயிரம் கொண்ட பெட்டி பெட்டியாக வாங்கிக்கொள்கிறேன், ஒன்று ஆறு பென்னி. முடிந்தது. வாங்கி வந்து, உட்கார்ந்து தாமே டெஸ்ட் செய்தார். தேறியவற்றுக்குப் புதுப் பெயர்: மாட் 100, மாட் 101, மாட் 120, மாட் 121. ஆரம்ப விலை, ஏழு ஷில்லிங் ஒன்பது பென்னி. அன்றைய கணக்கில் ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. அதாவது 93 பென்னி. ஆறுக்கு வாங்கி, தொண்ணூற்று மூன்றுக்கு!

இது ஏமாற்று வேலையா என்றால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். தேறாததைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேறியதைத்தான் விற்றார். விலையில் இருப்பது டிரான்சிஸ்டர் அல்ல, பரிசோதித்த கூலி. (கொஞ்சம் கூடுதல் கூலிதான்.)

1962-லேயே முதல் சரக்கு வந்துவிட்டது. சின்க்ளேர் மைக்ரோ ஆம்ப்ளிஃபயர். நாணயத்தின் மீது உட்காரக்கூடிய சைஸ். கிட்டாக வரும், நாமே பற்ற வைத்துக்கொள்ளவேண்டும். பத்திரிகையில் விளம்பரம், தபாலில் டெலிவரி. கடை கிடையாது, ஏஜென்ட் கிடையாது. வாங்கியவர்களில் முக்கால்வாசி ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு சமையலறை மேஜையில் சால்டரிங் அயர்னோடு உட்காருகிற ரகம். உலகின் மிகச் சிறியது என்பது விளம்பரத்தின் தொனி. சின்க்ளேருக்குக் கடைசிவரை போகாத வியாதி அது. எதுவானாலும் சின்னதாக, சீப்பாக, முதலாவதாக இருந்தாகவேண்டும்.

அந்த வியாதி முற்றியது 1964-ல்.

சாதாரண ஆம்ப்ளிஃபயர் ஒரு குழாய் மாதிரி. பாட்டு ஏற ஏறத் திறக்கும், இறங்க இறங்க மூடும். பாதி திறந்திருக்கிற நேரத்தில்தான் மின்சாரம் வீணாகிச் சூடாகிறது. சின்க்ளேர் கேட்டார்: பாதி திறப்பானேன்? ஒன்று முழுசாகத் திற, அல்லது முழுசாக மூடு. வினாடிக்குப் பல்லாயிரம் தடவை இப்படித் திறந்து மூடினால், திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தே பாட்டின் வடிவத்தைக் கொண்டுவந்துவிடலாமே. கம்ப்யூட்டர் டிரான்சிஸ்டரின் 'ஆன்-ஆஃப்' புத்தியை அப்படியே பாட்டுக்குக் கொண்டுவருகிற யோசனை. இன்றைக்கு இதற்கு க்ளாஸ்-டி என்று பெயர். யோசனை அவருடையது அல்ல, 1950-களிலேயே அலெக் ரீவ்ஸ் என்கிற பிரிட்டிஷ் இன்ஜினீயர் சொன்னதுதான். ஆனால் துணிந்து கடைக்குக் கொண்டுவந்தது சின்க்ளேர். பெயர், எக்ஸ்-10.

பத்து வாட் என்று பெயரிலேயே இருக்கிறதல்லவா? வந்தது இரண்டரை வாட்.

அடுத்து வந்த எக்ஸ்-20-ம் அழுதது. குற்றம் கணக்கில் இல்லை, சாமானில். அன்றைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் அந்த வேகத்தில் அத்தனை கரண்டைத் திறந்து மூடத் தாங்கவில்லை. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. மைக்ரோ ஆம்ப்ளிஃபயரில் ஒரு ரெசிஸ்டரை மாற்றிச் சரிக்கட்டிய கதை இங்கே நடக்காது. சும்மா சொல்லக் கூடாது, யோசனை பிரமாதம். ஆனால் கிட் வாங்கிய மனுஷன் காசு கொடுத்தது பத்து வாட்டுக்கு. ஆறு பென்னி விவகாரத்தில் அவர் பக்கம் பேச முடிந்த என்னால் இதில் முடியவில்லை.

ஆனாலும் அந்த 'திற-மூடு' அவரை விடவில்லை. 1972-ல் சட்டைப்பை கால்குலேட்டர் ஒன்று கொண்டுவந்தார், எக்ஸிக்யூட்டிவ். அந்தக் காலத்து கால்குலேட்டர் சிப் பாட்டரியைக் குடித்துத் தீர்க்கும். சின்க்ளேரின் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிப்புக்குப் போகிற மின்சாரத்தைத் துண்டுதுண்டாக வெட்டினார்கள். கணநேரம் கொடு, கணநேரம் நிறுத்து. நிறுத்தின சமயத்தில் சிப் விஷயத்தை மறப்பதற்குள் மறுபடி கொடு. பட்டன் சைஸ் செல்லில் கால்குலேட்டர் ஓடிற்று.

அப்புறம் கம்ப்யூட்டர். 1980-ல் இஸட்எக்ஸ் 80, நூறு பவுண்டுக்கும் குறைவான விலையில். 1982-ல் இஸட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். இதில் 48 கே மெமரி மாடலைத் திறந்து பார்த்தால் நம் பழைய ஆளைப் பார்த்துவிடலாம். 64 கிலோபிட் சிப்புகளில் ஒரு பாதி வேலை செய்யாமல் ஃபெயிலானவற்றைச் சல்லிசாக வாங்கி, நன்றாக இருக்கிற பாதியை மட்டும் உபயோகப்படுத்தியிருந்தார்கள். எந்தப் பாதி நல்லது என்பதைப் போர்டில் ஒரு சின்ன ஜம்பர் கம்பி சொல்லிவிடும். இருபது வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் கழித்ததை எடுத்துப் பாட்டுக்குக் கொடுத்தவர், இப்போது கழிவை எடுத்துக் கம்ப்யூட்டருக்கே கொடுத்தார். அதே ஸ்பெக்ட்ரம் வரிசைதான் 1986-ல் லைசென்ஸ் பெற்று இந்தியாவுக்கும் வந்தது. இங்கே கொண்டுவந்த கம்பெனியின் பெயர், டெசிபெல்ஸ்!

அந்த வருஷமே சின்க்ளேர் தன் கம்ப்யூட்டர் வியாபாரத்தை ஐந்து மில்லியன் பவுண்டுக்கு விற்கவேண்டி வந்தது. வாங்கியது ஆம்ஸ்ட்ராட். அதன் முதலாளி ஆலன் ஷுகரும் மலிவு விலை ஆம்ப்ளிஃபயர் விற்றே மேலே வந்தவர்தான்.

எக்ஸ்-10 என்ன ஆயிற்று? அது காத்திருந்தது. டிரான்சிஸ்டர் மாஸ்ஃபெட்டாகி, மாஸ்ஃபெட் சிப்புக்குள் போகிறவரை. 1995-ல் கலிஃபோர்னியாவில் ஆத்ய திரிபாதி என்பவர் 'ட்ரைபாத்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். 1998-ல் டிஏ2020 வந்தது. அதே திற-மூடு வித்தை, இம்முறை சுத்தமாக. 2001-ல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி4 கம்ப்யூட்டருக்குள் ட்ரைபாத் ஆம்ப்ளிஃபயரை வைத்தது. 2009-ல் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் பத்திரிகை உலகை உலுக்கிய 25 சிப்புகள் என்று பட்டியல் போட்டபோது டிஏ2020-க்கும் அதில் ஓர் இடம்.

அதற்குள் கம்பெனி போய்விட்டிருந்தது. 2007-ல் திவால். ஆனால் அதன் டிஏ2024 சிப்பை வைத்து, நாற்பது டாலருக்கும் குறைவாக, பிளாஸ்டிக் சோப்பு டப்பா தோற்றத்தில் வந்த டி-ஆம்ப்பைக் கேட்டுவிட்டு ஆடியோ வெறியர்கள் உலகம் பூராவும் சால்டரிங் அயர்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். டப்பாவை உடைத்து, கெப்பாசிட்டரை மாற்றி, நல்ல பெட்டியில் போட்டார்கள். எட்டு பென்டார்ச் செல், அதாவது 12 வோல்ட் போதும். செல் தீர்ந்து அலுத்தவர்களுக்கு, அந்த 12 வோல்ட் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் ஒயரிலேயே கிடைத்தது. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்தால் அது ஆன் ஆகிவிடும். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கினபிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும்.