வான்கோழி கொடுத்த துப்பு

1960-ம் வருடம். இங்கிலாந்துப் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. பத்து, இருபது இல்லை, ஒரு லட்சத்துக்கும் மேலே! காரணம் பிடிபடவில்லை. 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று சும்மா ஒரு பெயர் வைத்தார்கள். விடை தெரியாவிட்டால் எக்ஸ் போடு என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே!

கடைசியில் தீவனத்தைத் துருவினார்கள். பிரேசிலிலிருந்து கப்பலேறி வந்த கடலைப் பிண்ணாக்கு. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்கிற பூஞ்சை. அது கக்கிய விஷத்துக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர் சூட்டினார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால், கல்லீரலில் புற்றுநோய்.

சரி, மனிதனுக்கு? அங்கேதான் சிக்கல். கல்லீரல் புற்றுநோய் மலிந்த ஊர்களில் பூசணம் பிடித்த தானியமும் இருந்தது, ஹெபடைடிஸ் பி வைரஸும் இருந்தது. எதைக் கூண்டில் ஏற்றுவது?

சீனாவில், யாங்சே நதி கடலில் கலக்கும் இடத்தருகே சிடோங் என்று ஓர் ஊர். அங்கே 16 நோயாளிகளின் கட்டிகளை எடுத்து, பி53 என்ற மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். செல்கள் கண்டபடி பெருகாமல் அதட்டி வைக்கிற வாட்ச்மேன் ஜீன் அது. 8 பேருக்கு அச்சு அசலாக ஒரே இடத்தில் பிழை! 249-வது சொல், மூன்றாவது எழுத்து. அதில் 7 பேருக்கு 'ஜி' இருக்கவேண்டிய இடத்தில் 'டி'. 1991-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியானபோது, ஆப்பிரிக்காவின் தென்பகுதி நோயாளிகளை ஆராய்ந்த இன்னொரு குழுவும் அதே இதழில் அதே 249-ஐக் காட்டியது. அஃப்ளடாக்ஸின் தன் கைரேகையை விட்டுவிட்டுப் போயிருந்தது.

இதில் ஒரு கொடுமை உண்டு. அந்த விஷத்தால் நேரடியாக ஜீனைத் தொட முடியாது. அதை வெளியேற்றுகிறேன் பேர்வழி என்று நம் கல்லீரலே அதன் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய வடிவம்தான் 'ஜி' எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. வறுத்தால் போய்விடுமே என்பீர்கள். முழுசாகப் போகாது.

வைரஸுக்கு விடுதலை என்று நினைக்காதீர்கள். ஷாங்காய் ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1992-ல் ஓர் ஆய்வு வந்தது. விஷம், வைரஸ் இரண்டுமே உடம்பில் இருந்தவர்களுக்கு ஆபத்து சுமார் 60 மடங்கு. இரண்டும் கூட்டுக் களவாணிகள்.

சிடோங் என்ன ஆனது? 1980-களில் சீனப் பொருளாதாரக் கெடுபிடிகள் தளர, ஜனங்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். பிற்பாடு அங்கே கல்லீரல் புற்றுநோய்ச் சாவு கணிசமாகக் குறைந்தது. குழந்தையில் ஹெபடைடிஸ் தடுப்பூசியே போட்டுக்கொள்ளாத தலைமுறையிலும்.