மனை நிலத்தில் மண் மாசு ஆய்வு

வீடு, பள்ளி முதலியன கட்டுவதற்கு முன் நிலத்தடியில் நச்சுப்பொருள் உண்டா என அறியும் ஆய்வு. பழைய வரைபடங்கள், வான்படங்கள், அங்கு முன்பு நடந்த தொழில் ஆகியவற்றை முதலில் தேடுவர். நிரப்பப்பட்ட பள்ளமும் புதைந்த எண்ணெய்த் தொட்டியும் இதில்தான் தெரியவரும். பிறகு துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மண்ணும் நிலத்தடி நீரும் எடுத்து ஈயம், குரோமியம், பென்சீன் போன்றவற்றை ஆய்வகத்தில் அளப்பர். மேல்மண் சுத்தமாக இருந்தால் போதாது. ஆழத்தில் உள்ள ஆவியாகும் கரைப்பான்கள் தரை வழியே வீட்டுக்குள் ஏறும்.

நெதர்லாந்தின் லெக்கர்கெர்க்கில், கழிவு கொட்டி நிரப்பிய வாய்க்கால்களின் மேல் 1970களில் குடியிருப்பு எழுந்தது. அடியில் டொலுவீன், சைலீன், ரசாயனப் பீப்பாய்கள். 1980இல் ஏறத்தாழ 270 வீடுகளில் வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டனர். முன்பே மண்ணைச் சோதித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துயரம் இது. இதையடுத்து, மண் தூய்மைப்படுத்தலுக்கான இடைக்காலச் சட்டம் 1983இல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது.