பெருவிரலின் சேணம்

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தை அறியாத வீடு அரிது. 1961ஆம் ஆண்டில் ஜப்பானின் சிட்டிஸன் நிறுவனத்தின் துணையுடன் இந்நகரில் உருவாகத் தொடங்கிய அக்கடிகாரங்களுக்கு நாள்தோறும் சாவி கொடுத்தல் வேண்டும். அந்நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் கூடிச் செய்த அச்சிறு பணியை நாம் ஒரு வேலையாகவே எண்ணியதில்லை.

இவ்விரு விரல்களும் நுனியொடு நுனி பொருந்துவதற்குக் காரணம், பெருவிரல் மணிக்கட்டோடு சேரும் அடிமூட்டே. அங்கே டிரப்பீசியம் என்னும் சிற்றெலும்பு குதிரைச் சேணம் போல் வளைந்திருக்கிறது. பெருவிரலின் அடியெலும்பு அதன்மேல் அமர்ந்து எப்பக்கமும் அசைகிறது.

இச்சேணம் மிகத் தொன்மையானது. 1960இல் ஆப்பிரிக்காவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 18 லட்சம் ஆண்டுகட்கு முந்தைய கையெலும்புகள் கிடைத்தன. அவற்றுள் டிரப்பீசியமும் ஒன்று. அவற்றுக்குரிய மனித இனத்திற்கு லீக்கி, டோபையாஸ், நேப்பியர் ஆகிய மூவரும் 1964இல் 'கைத்திறன் உடையோன்' எனப் பொருள்படும் ஹோமோ ஹாபிலிஸ் என்ற பெயரைச் சூட்டினர். நம் பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்தது கற்கருவி மட்டுமே. அதனைப் பற்றிய கை மண்ணோடு மண்ணாயிற்று.

வரமாக வந்த இவ்வளைவே சிலருக்குத் துன்பமாகிறது. விரல் நுனியில் 1 கிலோ அழுத்தம் கொடுத்தால் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ சுமை விழும் என்று 1977இல் கூனி, சாவோ என்னும் ஆய்வாளர் இருவர் கணக்கிட்டனர். அச்சுமையைச் சேணம் எவ்வளவு பரப்பில் ஏந்துகிறது என்பதே கேள்வி. பெண்களின் டிரப்பீசியம் சிறியது என்றும், அங்குக் கூடும் இரு எலும்புகளின் வளைவுகள் ஆண்களிடம் உள்ள அளவு ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்றும் 1992இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இம்மூட்டுத் தேய்வு மிகுந்து காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பர். எனினும் வயது, பரம்பரை, எலும்புகளைப் பிணைக்கும் நார்களின் தளர்ச்சி ஆகியவையும் உடன் சேர்கின்றன. எலும்பின் வடிவைத் தலையெழுத்தாகக் கொள்ளுதல் பொருந்தாது.

துணி பிழியும்போதும் ஜாடியின் மூடியைத் திருகும்போதும் எழும் வலியை, 'வயதாகிவிட்டது' என்ற ஒரு சொல்லோடு நம் வீட்டு மூதாட்டியர் விழுங்கிவிடுகின்றனர். அதனை நாமும் கேட்டுக்கொண்டு வாளாவிருக்கிறோம். பெருவிரலைத் தாங்கும் கட்டு, முறையான கைப்பயிற்சி, தடித்த கைப்பிடியுள்ள கருவிகள் ஆகியவை சுமையைக் குறைக்கும். இவற்றால் பயனில்லையெனில் அறுவை மருத்துவம் உண்டு. டிரப்பீசியத்தையே அகற்றிவிடும் முறையை இங்கிலாந்து மருத்துவர் ஜெர்விஸ் 1949இல் எழுதி வெளியிட்டார். சேணத்தை எடுத்துவிட்டால் பெருவிரல் எதன்மேல் நிற்கும் என்று ஐயுறத் தோன்றும். அவ்விடத்தில் வளரும் தழும்புத் திசுவே அதனைத் தாங்குகிறது. அம்முறை இன்றும் கையாளப்பட்டு வருகிறது.