ஜனவரி பத்து



பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கையில் வருவது ஜனவரி 10. பன்விலப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களுக்கு வெள்ளையடிக்கும் நாட்கள் அவை. அந்தத் திகதிக்கு நம் சரித்திரத்தில் தனியிடம் உண்டு.

1940ஆம் ஆண்டு. கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயாத் தோட்டத்தார் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அன்றுதான் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். வெடித்தது தேயிலை மலையில், ஆட்டங்கண்டது கொழும்பு. விசாரணைக் குழு அமைந்தது. பொலிஸ்மா அதிபர் அமைச்சரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவரா என்ற பிணக்கு முற்றி, அடுத்த மாதமே அமைச்சர்கள் பதவி துறந்தனர். பின்னர் திரும்பி வந்தமர்ந்தார்கள் என்பது வேறு கதை.

1966இல் அதே நாளில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் பாகிஸ்தானுடன் உடன்படிக்கை செய்தார். பொழுது விடியுமுன் அங்கேயே மறைந்தார். நமக்கோ அவர் 1964இல் சிறிமாவோ அம்மையாருடன் கையொப்பமிட்டவர். 1948இல் குடியுரிமை இழந்தோரின் தொகை 9,75,000 என்று அவ்வொப்பந்தம் கொண்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974 ஜனவரி இறுதியில் அவர்களையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். எண்ணுப்பெயரும் பெயர்ச்சொல்லே என்று பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுப்பவன் நான். இந்த ஒப்பந்தத்தைப் படிக்கும்போது மட்டும் மனம் ஒப்புவதில்லை. முல்லோயாவில் விழுந்தவருக்குக் கோவிந்தன் என்றொரு பெயராவது மிஞ்சியது.

அந்தப் பங்கீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1974 ஜனவரி 10ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நாள். வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே சனம் திரண்டிருந்தது. பொலிசார் கூட்டத்தைக் கலைக்க முற்பட்டு வானத்தை நோக்கிச் சுட, மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. ஒன்பது உயிர்கள் போயின. பதினொன்று என்போரும் உளர். தமிழ் கேட்க வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு அங்கே நினைவுத் தூண்கள் எழுப்பப்பட்டுள்ளன.

மலையகத்தில் அதே நாளைத் தியாகிகள் தினமாக அனுஷ்டிக்கிறோம். ஒரே திகதி, இரண்டு கூட்டங்கள். ஒன்றின் அழைப்பிதழில் மற்றதைப் பற்றி ஒரு வரியை நான் இன்னும் கண்டதில்லை.