கள்ளப் பொக்கற்

யாழ்ப்பாணத்தில் வாப்பாவின் தையற்கடைக்கு வரும் தொழிலாளிகளில் பலர், அளவு கொடுத்து முடிந்த பிறகும் போகாமல் நிற்பார்கள். கடையில் வேறு ஆளில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தி, "காக்கா, அந்த இடத்திலையும் ஒண்டு வையுங்கோ" என்பார்கள். வாப்பா தலையை மட்டும் அசைப்பார். அளவுக் கொப்பியில் அவர் பெயருக்கு நேரே ஒரு சிறு சதுரம் விழும். சதுரத்தின் எந்தக் கோடு போடாமல் விடப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கம் பையின் வாய். அதுதான் கள்ளப் பொக்கற்.

யாழ்ப்பாண முஸ்லிம்களைப் பற்றி எழுதப்பட்டவை நம்மிடம் ஓரளவுக்கு உண்டு. பள்ளிவாசல்கள், பாடசாலைகள், நீதியரசர்கள், மேயர்கள், வணிகர்கள் எல்லாரும் அவற்றில் வருகிறார்கள். சோனகத் தெருவிலும் அதைச் சூழவும் தையல் மெசின் மிதித்தவர்கள் 'தையல் தொழிலிலும் ஈடுபட்டனர்' என்ற ஒரு வரிக்குள் முடிந்துவிடுகிறார்கள். எதைத் தைத்தார்கள், யாருக்குத் தைத்தார்கள், ஏன் அப்படித் தைத்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த அளவையாவது எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன்.

பொக்கற் நமக்குப் புதியது. தமிழனின் பணம் நெடுங்காலம் மடியிலும் முடிச்சிலுமே இருந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்கிறோம். பணம் திருடுபவனை முடிச்சவிழ்க்கி என்றும் முடிச்சுமாறி என்றும் ஏசுகிறோம். முடிச்சு போய்ப் பை வந்த பிறகும் திருடனின் பெயர் மாறவில்லை. யாழ்ப்பாணத்தார் வெற்றிலையோடு சில்லறையையும் வைத்து இடுப்பில் செருகிய கொட்டைப்பெட்டி, பனையோலையில் இழைத்த பொக்கற்தான். சிங்களத்தில் பொக்கற்றைச் 'சாக்குவ' என்பார்கள். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். தமிழ்நாட்டார் சொல்லும் 'ஜேப்பு' உருது வழியாக வந்த அரபுச் சொல். அரபியில் 'ஜைப்' என்பது முதலில் சட்டையின் கழுத்துத் திறப்பைத்தான் குறித்தது. மூஸா நபி கையை நுழைத்து வெண்மையாக வெளியே எடுத்த அற்புதத்தைச் சொல்லுமிடத்தில் அல்குர்ஆனில் வருவதும் இந்தச் சொல்தான்.

நம்மவர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. கடல் கடந்து வியாபாரம் செய்த முந்திய தலைமுறையினரின் இடுப்பில் நாலு விரல் அகலத்தில் ஒரு பச்சை பெல்ற் இருக்கும். அதன் உட்புறம் பணத்துக்கு மூடியோடு கூடிய பைகள் உண்டு. ஹஜ்ஜுக்குப் போகிறவர் இஹ்ராம் நிலையில் தைத்த ஆடை அணியலாகாது. ஆனால் பணம் வைக்கும் இடுப்புப்பட்டிக்கு மார்க்க அறிஞர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். பிரயாணிக்குப் பணத்தைக் காப்பது எவ்வளவு அவசியம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் பெல்ற் வியாபாரிக்குச் சரி. மரமேறுகிறவரும் மேசனும் வெங்காயம் கிண்டுகிறவரும் அதைக் கட்டிக்கொண்டு குனிந்து நிமிர முடியாது. அவர்களுக்கு உடுப்பிலேயே பாதுகாப்பு வேண்டியிருந்தது. அதைச் செய்து கொடுக்க மெசின் வேண்டியிருந்தது.

சிங்கர் நிறுவனம் இலங்கையில் கால் வைத்தது 1877இல். அதற்குச் சில வருடங்கள் முன்பு அமெரிக்காவில் ஒரு காரியம் நடந்தது. ரீகாவில் பிறந்து நெவாடா மாநிலத்தின் ரீனோவில் கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரிடம் ஒரு பெண் வந்து, விறகு வெட்டும் தன் கணவனுக்குக் கிழியாத காற்சட்டை வேண்டும் என்று கேட்டார். குதிரைப் போர்வைகளுக்கு அடிக்க வைத்திருந்த செப்பு ஆணிகளை எடுத்துப் பொக்கற்றின் மூலைகளில் அடித்துக் கொடுத்தார் டேவிஸ். அதற்கு உரிமைப் பத்திரம் எடுக்க அவரிடம் பணமில்லை. தனக்குத் துணி அனுப்பும் சான்பிரான்சிஸ்கோ வியாபாரிக்கு எழுதினார். 1873 மே 20இல் உரிமைப் பத்திரம் கிடைத்தது. அந்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸ். ஜீன்ஸ் போடும் நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும், தையற்காரரின் பெயர் தெரியாது.

வாப்பாவுக்கு டேவிஸைத் தெரியாது. ஆனால் பொக்கற் எங்கே முதலில் கிழியும் என்பது தெரியும். வாயின் இரண்டு முனைகளிலும்தான். கை போகும்போதும் வரும்போதும் இழுபடுவது அந்த இரண்டு புள்ளிகளே. அவர் செப்பாணி அடிக்கவில்லை. உட்புறம் ஒரு சிறு துண்டுச் சீலை வைத்து அதன்மேல் முக்கோணமாக இரண்டு தரம் ஓட்டுவார். மேசன்மாரின் உடுப்புக்கு மூன்று தரம். சீமெந்தும் வியர்வையும் சேர்ந்தால் நூல்தான் முதலில் இற்றுப்போகும், துணி அல்ல என்பார். பையின் உட்சீலைக்குக் கடைத் துணி பாவிக்க மாட்டார். கோதுமை மா வந்த சீலைப் பையைத் துவைத்து வெட்டிப் போடுவார். எழுத்து அழியாத மாப்பையைப் பொக்கற்றுக்குள் சுமந்து திரிந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேர்.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு கணக்கு. மேசன் நாள் முழுக்கக் குனிபவர். நெஞ்சுப் பொக்கற்றில் வைத்ததெல்லாம் சாந்துத் தாச்சிக்குள் விழும். ஆகவே அவருக்கு நெஞ்சில் பையே கூடாது, அல்லது மூடியும் தெறியும் வேண்டும். தச்சருக்குத் தொடையோரம் நீளமாக ஒடுங்கிய பை. மடக்கு அடிமட்டம் அதில் நிற்க வேண்டும், ஆனால் குந்தியிருக்கும்போது இடுப்பில் குத்தக் கூடாது. சைக்கிளில் போகிறவருக்குச் சரிந்த வாய் வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் சில்லறை ஓர் அங்குலம் மேலே வரும். அவருக்கு வாய் மேல்நோக்கித்தான் இருக்க வேண்டும். மீன்பிடிக்கிறவர் சொப்பின் பையில் சுற்றித்தான் எதையும் வைப்பார். சுற்றிய பொட்டலம் போகுமளவுக்கு வாய் அகலம், கீழே தண்ணீர் வடிய இரண்டு தையல் விட்ட ஓட்டை. அந்த ஓட்டையைக் கண்டு 'தையல் பிழைச்சுப்போச்சு' என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்ததும் நடந்தது.

கள்ளப் பொக்கற்றின் இடம் சாரத்துக்கு உள்ளே போடும் அரைக் களிசானில். சாரத்தைச் சண்டிக்கட்டாகத் தூக்கிக் கட்டினால் மேலே இரண்டு மடிப்புத் துணி வந்துவிடும். வெளியிலிருந்து தடவினாலும் பிடிபடாது. வாய், நாலு விரல் போய் உள்ளங்கையில் தடைபடும் அகலம். ஆழம், நடுவிரலுக்கு எட்டும் அளவு. ஆகவே ஆளின் இடுப்பளவோடு கைவிரலின் நீளத்தையும் வாப்பா அளந்தார். அவருடைய பை அவருடைய கைக்கு மட்டும்தான் இலகு. வேறு ஒருவரின் கை நுழைந்தால் தட்டுப்படும், ஆள் விழித்துக்கொள்வார். மினிபஸ் நெரிசலில் இதன் பெறுமதி தெரியும்.

இதற்கு உண்மையான கேள்வி எழுந்தது 1970களில் என்று நினைக்கிறேன். 1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் என். எம். பெரேரா 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக்கினார். அதன் பிறகு அந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் கையில் அதுவரை காணாத காசு வந்தது. சுன்னாகம் சந்தையில் விற்றவர் பணத்தோடு இருட்டில் சைக்கிளில் வீடு திரும்ப வேண்டும். 100 ரூபாவை விடப் பெரிய தாள் அப்போது இல்லை. பெருந்தொகை என்றால் பெருங்கட்டு. தடித்த கட்டு இருப்பது தெரியாமலிருக்க, ஒரே பைக்குப் பதிலாக இடுப்பைச் சுற்றி நாலு தட்டையான பை வைக்கும் முறை அக்காலத்தில் வந்ததாம். அந்த வருடங்களில் நோன்புப் பெருநாள் தையலை விடத் தோட்டக்காரரின் தையல் அதிகம் என்று வாப்பா சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தொழில் முழுக்க நம்பிக்கையில் நடந்தது. ஒருவன் பணத்தை எங்கே வைக்கிறான் என்பது அவன் மனைவிக்குத் தெரியாமலிருந்த இடங்களும் உண்டு. தையற்காரருக்குத் தெரியும். கேட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர், தைத்தவர் முஸ்லிம். அதை யாரும் பெரிய விடயமாக நினைக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. சந்தையில் மீன் விற்ற பெண்களும், வெங்காயம் பிடுங்கக் கூலிக்குப் போன பெண்களும் ஆண்களைப் போலவே பணத்தோடு வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு ஒரு பொக்கற்றும் யாரும் தைக்கவில்லை. முந்தானை முடிச்சும் கொட்டைப்பெட்டியும் சட்டைக்குள் செருகுவதும்தான். உம்மாதான் அயலிலுள்ள சிலருக்கு நாடா வைத்த சீலைப்பை தைத்துக் கொடுத்தார், கடையில் மிஞ்சிய துண்டுகளில். ஆண் தையற்காரர்களின் கெட்டித்தனம் அந்த இடத்தில் எட்டவில்லை.

1980களில் பொக்கற்றின் வேலை மாறியது. தேசிய அடையாள அட்டை 1972இலேயே வந்துவிட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்த பிறகுதான் அது இல்லாமல் வெளியே இறங்க முடியாதென்றானது. அட்டைக்குரிய பை கள்ளப் பொக்கற்றுக்கு நேர்மாறானது. சோதனையில் துவக்கோடு நிற்பவனின் முன்னால் கை இடுப்புக்குப் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. அட்டை நெஞ்சில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில், இரண்டு விரலால் ஒரே இழுப்பில் வர வேண்டும். ஆனால் குனிந்தால் விழக் கூடாது. தொலைந்தாலும் ஆபத்துத்தான். மூடி வைத்தால் திறக்க நேரமெடுக்கும், வைக்காவிட்டால் விழுந்துவிடும். இடப்பக்கப் பொக்கற்றின் உள்ளே அட்டையின் அகலத்துக்கு இன்னொரு தையல் ஓட்டி, அட்டை இறுகி நிற்க, விளிம்பு மட்டும் அரை விரற்கடை வெளியே தெரியும்படி வாப்பா வைத்தார். வேலைக்குப் போகிற பிள்ளைகளின் தாய்மார் சேட்டைக் கொண்டுவந்து கேட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு 1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகள் யாழ் நகர முஸ்லிம்களுக்கு வெளியேறக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். சில நூறு ரூபாவும் மாற்றுடுப்பும் தவிர மற்றவை பறிக்கப்பட்டன என்பது பலரும் பதிந்திருக்கும் செய்தி. அவற்றை நான் திருப்பி எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதைப் பல தையற்காரர்கள் பிற்காலத்தில் புத்தளத்தில் பேசிக் கேட்டிருக்கிறேன். சோதித்தவர்களின் விரல்கள் நேரே களிசானின் உள்மடிப்புக்குத்தான் போயின. போகாமல் என்ன செய்யும்? அவர்களின் தகப்பன்மாரும் அதே பொக்கற்றைத்தான் போட்டிருந்தார்கள்.

வாப்பா இரண்டு மெசினையும் கத்தரிக்கோலையும் அளவுக் கொப்பிகளையும் விட்டுவந்தார். மெசினுக்காக அவர் வருத்தப்பட்டது கொஞ்சக் காலம்தான். கொப்பிகளைப் பற்றி மௌத்தாகும் வரை பேசினார். வெளியேற்றப்பட்டவர்களின் இழப்புகளைத் தேடித் தொகுப்பதில் பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் தன் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டார். நட்டஈட்டுப் படிவங்களை நானும் நிரப்பியிருக்கிறேன். வீடு, கடை, நகை, தளபாடம் என்று வரிசை உண்டு. சில நூறு ஆட்களின் விரல் நீளம் எழுதிய கொப்பிக்கு எந்த வரியில் என்ன விலை போடுவது?

புத்தளத்தில் வாப்பா உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கும் கற்பிட்டித் தோட்டங்களில் கூலிக்குப் போன நம்மவர்களுக்கும் தைத்தார். பழைய கணக்கு எல்லாம் அங்கு செல்லவில்லை. உப்பு, சீமெந்தைவிட வேகமாக நூலைத் தின்றது. அதற்குள் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. கட்டுநாயக்க வலயம் 1978இல் தொடங்கியது. 1992இல் பிரேமதாச அரசு 200 தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. என் மாமா மகள் ஒருத்தி அப்படியொரு இடத்தில் வேலை செய்தாள். நாள் முழுக்க அவளுக்குப் பொக்கற் மட்டும்தான், அதுவும் இடது பக்கப் பொக்கற். வாப்பா ஒருநாள் அவளிடம், "ஆருக்குத் தைக்கிறாய் மகள்?" என்று கேட்டார். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் தைத்த மூலைகள் வாப்பாவுடையதை விட நேர்த்தியாக இருந்தன.

ஏ-9 பாதை திறந்த 2002இலும் பிறகு போர் முடிந்தும் நான் பலமுறை சோனகத் தெருவுக்குப் போயிருக்கிறேன். கடை இருந்த இடத்தில் சுவர் மட்டும் நின்றது. சமீபத்தில் போனபோது நாவாந்துறைப் பக்கம் ஒரு வயதான மேசன் என்னை அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டார். வாப்பாவின் மௌத்துச் செய்தி அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமலிருந்தார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு பழைய காக்கிக் களிசானை எடுத்து வந்து உட்புறத்தைப் புரட்டிக் காட்டினார். துணி நூலிழையாகிவிட்டது. மாப்பைச் சீலையும் முக்கோணத் தையலும் அப்படியே இருந்தன.

"இப்ப ஆர் தம்பி இப்பிடித் தைக்கினம்? கடையிலை வாங்கிற களிசானிலை போன் வைச்சால் குனியேக்கை சாந்துக்குள்ளை விழுது. ரெண்டு போன் போச்சு."

என்னிடம் அளவு நாடா இருக்கவில்லை. ஒரு நூலைக் கேட்டு வாங்கி அந்தப் பையின் வாயையும் ஆழத்தையும் அளந்தேன், பிறகு அவருடைய நடுவிரலை, பிறகு அவருடைய போனை. புதுக் கொப்பியொன்றில் ஒரு சதுரம் போட்டு, மேல் கோட்டை விட்டுவிட்டேன்.