எண்ணிக்கையா, எடையா? தனிச்சாட்சியின் சட்ட வரலாறு

ஒரே சாட்சியின் சொல்லை நம்பி ஒருவரைத் தண்டிக்கலாமா? தனிச்சாட்சி சாட்சியே அன்று என்றது பிற்கால ரோமச் சட்ட மரபு. கடன் வழக்குக்கே குறைந்தது மூன்று சாட்சிகளைக் கேட்டது மனுநூல். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இவ்வழியில் செல்லவில்லை. எந்த உண்மையையும் மெய்ப்பிக்கக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சாட்சிகள் தேவையில்லை என்றது அதன் 134-ஆம் பிரிவு.

1957-இல் மதராஸ் மாநிலத்துக் கொலை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை விரித்துரைத்தது. கொலையுண்டவரின் மனைவி அளித்த சாட்சியத்தை ஏற்றுத் தண்டனையை உறுதிசெய்த நீதிபதி பி.பி. சின்ஹா, சாட்சிகளை மூவகையாகப் பகுத்தார்: முற்றிலும் நம்பத்தக்கவர், முற்றிலும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர். அந்த மூன்றாம் வகையினரின் சொல்லுக்கே வேறு சான்றின் துணை, அதாவது ஒத்துறுதிச் சான்று, தேவைப்படும். சாட்சிகளை எண்ணுதல் கூடாது, எடைபோடுதல் வேண்டும்.

ஆயினும், சட்டம் கேட்காத ஒத்துறுதியை நீதிமன்ற வழக்கம் ஒரு சாராரிடம் கேட்டுவந்தது. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாக ஐயுற்றது, குற்றத்தில் பங்குகொண்டு பின் சாட்சியாக மாறும் உடன்குற்றவாளியையே. நடைமுறையிலோ, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணும் அவன் அருகிலேயே நிறுத்தப்பட்டாள். 1951 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ராஜஸ்தான் வழக்கில் பாதிக்கப்பட்டவள் எட்டு வயதுச் சிறுமி. அவள் சொல் மனத்தளவில் நம்பப் போதுமெனினும் சட்டப்படி தண்டிக்கப் போதாது எனக் கருதி, அமர்வு நீதிபதி குற்றவாளியை விடுவித்திருந்தார். பாதிக்கப்பட்டவள் உடன்குற்றவாளி அல்லள் என்று தெளிவுபடுத்திய நீதிபதி விவியன் போஸ், ஒத்துறுதி சட்டக் கட்டாயமன்று எனவும் கூறித் தண்டனையை நிலைநிறுத்தினார். ஆனால் முன்னெச்சரிக்கை கருதி ஒத்துறுதியின் தேவையை நீதிபதி மனத்திற்கொள்ள வேண்டும் என்ற விதியை அவரும் கைவிடவில்லை. அம்முன்னெச்சரிக்கையின் நிழல் நெடுங்காலம் நீடித்தது. ஒத்துறுதி இல்லை என்பதற்காகவே பெண்ணின் சொல்லை மறுப்பது, பட்ட காயத்தின் மேல் அவமதிப்பையும் சேர்ப்பதாகும் என 1983-இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 1996-இல் பஞ்சாப் வழக்கிலும் அந்நிலைப்பாட்டை வலியுறுத்தியது.

உடன்குற்றவாளியின் நிலையோ வேறு. ஒத்துறுதியற்ற அவனது சாட்சியத்தின் மேல் அமைந்தது என்பதனாலேயே ஒரு தண்டனை சட்டவிரோதமாகிவிடாது என்றது பழைய 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 138-ஆம் பிரிவு, ‘ஒத்துறுதியற்ற’ என்பதை ‘ஒத்துறுதி பெற்ற’ என மாற்றியுள்ளது. ஆங்கில மூலத்தில் இதற்காக நீங்கியது எதிர்மறை முன்னொட்டு ஒன்றே. எனினும் பிரிவின் பொருளே திரும்பிவிட்டது.

ஒத்துறுதியின் வரலாறு, சான்றுகளின் வரலாறு மட்டுமன்று. எவருடைய சொல் தனித்து நிற்கலாம், எவருடைய சொல்லுக்குத் துணை வேண்டும் என ஒரு சமூகம் வகுத்துக்கொண்ட நம்பிக்கையின் வரலாறும் ஆகும்.